தண்ணீருக்கு மேல் அரிசி அளவு

“இந்தக் குச்சியையா தக்கைன்னு சொல்ற? பல் குத்தக்கூட ஆகாது லா.”

“நானா, மடவை மீனு ரொட்டிய உதட்டால தொட்டுத்தான் பாக்கும். உங்க உருண்டைத் தக்கைக்கு அது தெரியவே தெரியாது. தூங்கும்,” என்றாள் அஃப்ரின் அண்ணனிடம்.

கால்வாய் வழியாகக் கடல்நீர் வந்து நிரம்பும் அந்த மீன்பிடிக் குளம் ஜெஞ்சாரோம் ஊரில், செம்பனை மரத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே ஜோடிப் போட்டி. ஜுஹைருக்கு எப்போதும் ஜோடி அவன் நண்பன் கௌஸ்தான். இந்த முறை தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லித் தங்கை அஃப்ரின் விடாமல் நச்சரித்தாள். நண்பகல் லுஹர் தொழுகைக்குள் ஒரு மடவை பிடித்துக் காட்டு, பார்க்கலாம் என்றிருந்தான் ஜுஹைர்.

கௌஸ் அருகில் அமர்ந்து, தூண்டிலுக்கு வைத்திருந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

“கௌஸ் நானா, அது மீனுக்கு!”

“மீன் எங்கம்மா சாப்பிடுது? வீணாப் போகக் கூடாதுல்ல. என் எடத்துக்கு ஆள் எடுக்கறீங்க, என்னையே சாட்சிக்குக் கூப்புட்டு வந்திருக்கீங்க. இதாவது குடுங்க.”

மீன் சாப்பிடாமல் இல்லை. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அஃப்ரினின் தூண்டில் முள் வெறுமையாக வந்தது. தக்கையோ அசையவே இல்லை. நகரத்தில், பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, நுனி மட்டும் அரிசி அளவு வெளியே தெரியும்படி ஈயம் கட்டியிருந்தாள். இங்கே அது கூட்டத்தில் யாரையோ தேடி எக்கி நிற்பவர் போல உயர்ந்து நின்றது.

அஃப்ரின் விரலைக் குளத்தில் நனைத்து நாக்கில் வைத்தாள்.

“சீ, என்ன பண்ற!”

“உப்பு நானா! நான் குழாத் தண்ணில வச்சுப் பாத்துட்டேன். உப்புத் தண்ணி தக்கையத் தூக்கிவிட்டுருச்சு.”

மெல்லிய ஈயக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூண்டில் நரம்பில் சுற்றி, ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். தக்கை மெதுவாக இறங்கியது. கடைசியில் சிவப்பு நுனி மட்டும், ஓர் அரிசி.

ரொட்டி உருண்டையை வைத்து வீசினாள். விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. அவள் தலைதூக்கவில்லை.

நுனி அமுங்கவில்லை. ஒரு மயிரிழை மேலே எழுந்தது.

“காத்து,” என்றான் ஜுஹைர்.

அதற்குள் அவள் கோலைச் சுண்டி இழுத்துவிட்டாள். மீன் இரையைத் தூக்கியதால் ஈயத்தின் பாரம் குறைந்து நுனி எழும்பியிருந்தது. கோல் வளைந்தது. வெள்ளி மின்ன ஒரு மடவை கரையில் வந்து துள்ளியது.

கௌஸ் எழுந்து, தன் மடக்கு நாற்காலியைத் தூக்கி ஜுஹைர் பக்கத்தில் போட்டான். “உக்காரு தங்கச்சி. ஞாயித்துக்கெழம நான் குடிக்கத் தே தாரேக் வாங்கியாறேன், கைதட்டறேன். எனக்கு அதான் நல்ல வேல.”

ஜுஹைர் தன் நரம்பைச் சுற்றி இழுத்தான். வெறும் முள். உருண்டைத் தக்கையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கௌஸுக்குக் கேட்காத குரலில் சொன்னான்:

“அஃப்ரின், எனக்கும் அதே மாதிரி ஒன்னு கட்டித் தாயேன்.”