மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு

எனக்குத் தெரிந்து 1998இல் காஞ்சிபுரத்தில் ஹெவி மெட்டல் கேட்டவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் எதிலும் ஒத்துப்போகவில்லை. ஒருவன் நான், சிவபாலன். பிள்ளையார்பாளையத்தில் அப்பாவோடு தறியில் உட்கார்ந்து பட்டுச்சேலை நெய்கிறவன். மற்றவன் ஸுதர்சன். சின்ன காஞ்சிபுரம், வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற குடும்பம். ஏனாத்தூரில் கல்லூரி முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கேசட் கடையில் இரண்டு பேரும் தனித்தனியாக வந்து "ஆஷ் ஃபவுண்ட்ரி இருக்கா?" என்று கேட்டோம். கடைக்காரர் பக்திப் பாடல் வரிசையில் தேடினார். அப்படித்தான் பழக்கம்.

நான் ஏன் மெட்டல் கேட்டேன் என்பதற்குப் பெரிய காரணமெல்லாம் கிடையாது. தறிச் சத்தத்தை மீறிக் காதில் விழுகிற பாட்டு அது ஒன்றுதான். இதை என் தனிப்பட்ட ரசனை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். அம்மா அம்சவேணி மட்டும், "ஊட்டுல ஏற்கனவே ரெண்டு தறி ஓடிக்கினு இருக்குது, மூணாவது எதுக்குடா?" என்று கேட்பாள்.

ஆஷ் ஃபவுண்ட்ரி பேண்ட்காரர்கள் நான்கு ஆல்பம் போட்டிருந்தார்கள். எங்கள் ஊருக்கு எதுவும் வராது. சென்னையில் ஸுதர்சனுடைய அத்தை பையனிடம் சி.டி. இருந்தது. ஸுதர்சன் போய்க் கேசட்டில் பதிந்து வந்து, அட்டையில் பாட்டுப் பெயர்களைக் குண்டு குண்டாக எழுதி, என்னிடம் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வீட்டு மாடியில் உட்கார்ந்து விவாதம் செய்வோம். ஒரே விஷயம்தான்: நான்கு ஆல்பத்தில் எதன் கடைசிப் பாட்டு சிறந்தது?

அவன் கட்சி முதல் ஆல்பம். அதன் கடைசிப் பாட்டு பதினோரு நிமிஷம். முடிகிற இடத்தில் பல்லவியைத் திரும்பவும் முழுசாகப் பாடி முடிப்பார்கள். "சாத்துமுறை மாதிரிடா" என்பான். "கடைசி ரெண்டு பாசுரத்தை நாங்க ரெண்டு தரம் சேவிப்போம். அப்பதான் முடிஞ்சுதுன்னு மனசு ஒத்துக்கும்."

என் கட்சி மூன்றாவது ஆல்பம். அதன் கடைசிப் பாட்டில், பாடகன் உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கும்போதே பாட்டு சட்டென்று அறுந்துவிடும். தேய்ந்து மறைவதில்லை. இழுத்து முடிப்பதும் இல்லை. நடுக் கத்தலில் அறுந்து, இரண்டு விநாடி ஒன்றுமே இல்லாமல் இருந்து, டேப்பின் பொத்தான் டக்கென்று எழும்பும். அந்த டக்கையும் நான் பாட்டோடு சேர்த்துக்கொண்டேன்.

"முந்தானை நெய்து முடிச்சதும் இன்னாபா செய்வோம்? கத்தி எடுத்து ஒரே அறுப்பு. சேலை தறிய வுட்டு வந்துடும். அவன் நெசவாளிபா! எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவன்" என்பேன்.

முதல்தடவை இதைச் சொன்னபோது ஸுதர்சன் கேசட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயை அடைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு மூன்று வருஷம் அதையே சொன்னேன். மௌனத்தின் தத்துவம் என்றேன். மரணம் அப்படித்தான் வரும் என்றேன். எனக்கு அப்போது பெரிய தாடி வேறு இருந்தது. அவன் சாத்துமுறையை விடவில்லை. ஆனால் என் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகப் பேசியதில்லை. "உனக்குக் காதே இல்லபா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குச் சைக்கிள் மிதிப்பேன், ஜெயித்த களிப்பில்.

2001இல் அவன் கல்லூரி விழாவில் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். பிடித்த பேண்டின் சிறந்த கடைசிப் பாட்டு எது, ஏன் என்று ஐந்து நிமிஷம் பேசவேண்டும். வெளியாட்களும் பேசலாம். செய்தியைச் சொன்னதே ஸுதர்சன்தான். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். பட்டப்படிப்புக்காரர்கள் முன்னால் நின்று, நானும் விஷயம் தெரிந்தவன் என்று காட்ட இது ஒன்றுதான் வழி என்று எனக்குப் பட்டது. இரண்டு வாரம் தறியில் உட்கார்ந்தபடியே பேசிப் பார்த்தேன். ஒரு சேலையில் கரைப்பூ இரண்டு இடத்தில் தப்பி, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் மூன்றாவது ஆல்பத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஸுதர்சன் முகம் மாறியது. "அது வேண்டாம்டா. ரெண்டாவது ஆல்பத்தை எடுத்துக்கோயேன். அதையும் நீ பிரமாதமா பேசுவே."

"இன்னாபா, பயமா?"

"பயந்தான்" என்றான்.

பொறாமை என்று முடிவு கட்டினேன்.

விழா அன்று வகுப்பறையில் முப்பது பேர் இருந்தார்கள். தமிழில்தான் பேசினேன். முந்தானையைச் சொன்னேன், கத்தியைச் சொன்னேன், "கத்தலுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்ல பாருங்க, அந்த ஒண்ணுமில்லாததுதான் பாட்டு" என்றேன். கை தட்டினார்கள். எனக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. அப்போது ப்ரணவ் என்று ஒரு மாணவன், நிகழ்ச்சி நடத்துகிறவன், உற்சாகமாக எழுந்தான். "என்கிட்ட ஒரிஜினல் சி.டி. இருக்கு. அந்த இடத்தை எல்லாருமே கேட்ரலாம், பாஸ்."

போட்டான். கத்தல் வந்தது. நான் கையை உயர்த்தி, அறுப்பதற்குத் தயாராக நின்றேன்.

பாட்டு அறுபடவில்லை. கத்தல் முடிந்து, ஒரு பியானோ வந்தது. பாடகன் தாலாட்டுப் போல மெதுவாகப் பாட ஆரம்பித்தான். இரண்டு நிமிஷம் பாடினான். பிறகு மழைச் சத்தம். மழையும் ஓய்ந்து முடிந்தது. அதுவரைக்கும் என் கை மேலேயேதான் இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது.

"பாஸ், உங்க கேசட் தீந்துபோயிருக்கு" என்றான் ப்ரணவ். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் முப்பது பேரும் சிரித்தார்கள். பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள்.

ஸுதர்சன் எழுந்தான். கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை அவனை. "அவன் மேல தப்பு இல்லை. பதிஞ்சு கொடுத்தது நான். ஆல்பம் அறுபத்து மூணு நிமிஷம், கேசட் அறுபதுதான். மிச்சம் ஏறலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றான்.

சிரிப்பு நின்றது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. சிரித்தவர்கள் என்னை அறியாதவர்கள். இவன் தெரிந்தே மூன்று வருஷம் என்னைப் பேசவிட்டிருக்கிறான். வெளியே வந்து பஸ் ஏறினேன். பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மூணு வருஷமா பைத்தியக்காரனாட்டம் பேசிக்கினு இருந்தேனே, சொல்றதுக்கு இன்னாபா கேடு?" என்றேன்.

"பதிஞ்சு கொடுத்த அடுத்த வாரமே சொல்லணும்னுதான் இருந்தேன். நீ அந்த முந்தானையைச் சொன்னே பாரு, அது எனக்குப் பாட்டைவிட நன்னா இருந்தது. எப்படிச் சொல்றது?" பஸ் டிக்கெட்டை நாலாக மடித்தான். "சொன்னா நீ வெட்கப்பட்டுண்டு ஞாயித்துக்கிழமை வராம போயிடுவியோன்னு பயம்டா. எங்க தெருவுல இதைக் கேக்கறவா யார் இருக்கா? காலேஜ்ல இருக்கறவா மாசத்துக்கு ஒரு பேண்ட் மாத்தறா. எனக்கு நீ ஒருத்தன்தான்."

நான்தான் படித்தவனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒரே வாக்கியத்தில் என்னை முடித்துவிடக்கூடியவன், ஞாயிறு ஞாயிறாகத் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குக் காது இல்லாததுகூடப் பரவாயில்லை, கண்ணும் இல்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் பஸ் நின்றது. அவன் என்னைப் பார்க்காமல் இறங்கினான். என் வீடு ஊரின் அந்தக் கோடியில். இருந்தும் நானும் இறங்கினேன்.

"இருந்தாலும் அந்தத் தாலாட்டு தேவையே இல்லபா" என்றேன். "என் முடிவுதான் நல்ல முடிவு."

நின்றான். திரும்பினான். அவன் கண் மினுங்கியது. "தேவையில்லையா? நீ மொத்தமா தப்பு" என்று ஆரம்பித்தான். பியானோவைப் பற்றிப் பேசினான், அதே ஆல்பத்தின் முதல் பாட்டில் வந்த குழந்தையைப் பற்றிப் பேசினான், அந்தத் தாலாட்டு யாருக்கு என்று வரிவரியாகச் சொன்னான். சன்னதித் தெருவில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவன் எதையும் மறைக்காமல் சண்டை போட்டான். நான் படுதோல்வி அடைந்தேன்.