தேதி போடாத கடிதம்

1

இந்தக் கதைக்குக் காரணம் நான் டைப் அடித்த ஒரு கடிதம். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கம்.

நாடாளுமன்றத்தின் இரண்டாவது மாடியில், லிஃப்ட்டுக்கு எதிர் அறையில், இருபத்திரண்டு வருடம் டைப்பிஸ்டாக இருந்தேன். அந்த அறைக்குக் கடைசியாகக் குடிவந்தது மையக் கட்சியும் வட்டாரக் கட்சியும் சேர்ந்த கூட்டணி. மையக் கட்சிக்காரர்கள் எதிலும் நடுவில் நிற்பவர்கள், சோபாவில்கூட நடுவில்தான் உட்காருவார்கள். வட்டாரக் கட்சிக்காரர்களுக்குத் தங்கள் மலைப்பக்கத்து நான்கு தொகுதிகளைத் தவிர உலகத்தில் வேறு ஊரே கிடையாது. காதல் கல்யாணம் என்று நினைத்துவிடாதீர்கள். பதினைந்து பேர் இருந்தால்தான் அவையில் ‘அணி’ என்று பதிவு செய்வார்கள். அணிக்கு அறை உண்டு, குழுத் தலைவர் பதவி உண்டு, பேச நேரம் உண்டு. ஒரு ஆள் குறைந்தாலும் கடைசி வரிசைதான், ஆளுக்கு ஒரு நிமிடம்தான்.

சேர்ந்த அன்றே ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. அதனால் ஒவ்வொருவரும் ‘இந்த அணியிலிருந்து விலகுகிறேன்’ என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, அணியின் ஒருங்கிணைப்பாளரான மையக் கட்சிக்காரரிடம் கொடுத்தார்கள். தேதிக்கு மட்டும் ஒரு கோடு விட்டிருந்தது. எவராவது பேச்சை மீறினால் அந்தக் கோட்டில் தேதியை அடித்துப் பதிவாளரிடம் கொடுத்துவிட வேண்டியது. (பேனாவால் நிரப்பினால் பதிவாளர் வாங்க மாட்டார். தேதியும் டைப்பில்தான் இருக்க வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

மொத்தம் பதினேழு கடிதம். பதினேழையும் அடித்தது நான்.

2

எப்படித் தொடங்குவது?

‘ஜனநாயகத்தின் நெடிய பயணத்தில், கூட்டணி என்பது—’

[இதை நானே படிக்க மாட்டேன்.]

‘அழகும் துணிச்சலும் ஒருங்கே வாய்ந்த அந்தப் பெண் உறுப்பினர்—’

[அழகு எதற்கு இங்கே? ஒருங்கிணைப்பாளரைப் பற்றி எழுதும்போது அவர் மூக்கை வர்ணிக்கப்போகிறேனா?]

‘நர்ஸம்மா எண்ணிக்கொண்டிருந்தார்.’

இது இருக்கட்டும்.

3

நர்ஸம்மா எண்ணிக்கொண்டிருந்தார். அது பழைய பழக்கம். பத்தொன்பது வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவர். குழந்தையைத் துடைத்துத் தாய் பக்கத்தில் கிடத்தியதும், பஞ்சு எத்தனை, துணி எத்தனை, கத்தரி எத்தனை என்று எண்ணிவிட்டுத்தான் கையுறையைக் கழற்றுவார். ஒன்று குறைந்தால் அது உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அவைக்கு வந்த பிறகு தலைகளை எண்ண ஆரம்பித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை தன் அணியை எண்ணினார். பதினைந்து. மறுபடி எண்ணினார். பதினைந்தேதான். மையக் கட்சியில் ஒருவர் மார்கழியில் இறந்துபோனார், இன்னொருவர் தையில் கட்சி தாவினார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பதினோரு மணிக்கு வாக்கெடுப்பு. மசோதாவின் பத்தொன்பதாம் பிரிவு, வருடத்துக்கு முந்நூறு பிரசவத்துக்குக் குறைவான வார்டுகளை மூடச் சொன்னது. அவருடைய பழைய வார்டில் போன வருடம் இருநூற்றுப் பதினொன்று. அந்த நான்கு தொகுதிக்கும் வேறு வார்டு இல்லை. ஆதரிப்பது என்பது அணியின் முடிவு. அணியிலிருந்து இரண்டு பேர் ஓட்டை மாற்றிப் போட்டால் அந்தப் பிரிவு விழும். ஒருவர் போதாது.

அந்த இரண்டாவது ஆளாக அவர் எண்ணியிருந்தது தன் கட்சித் தலைவரை. வட்டாரக் கட்சித் தலைவர் அவருடைய சொந்த அண்ணன்.

4

இனி எங்கள் அறை. ஒருங்கிணைப்பாளர் சோபாவின் நடுவில். அண்ணன் ஜன்னல் ஓரம். நர்ஸம்மா உட்காரவில்லை. நான் என் மெஷினுக்குப் பின்னால் மேஜையோடு மேஜையாக இருந்தேன்.

“அந்த ரயிலுக்காக ஒன்பது வருஷம் நாயா அலைஞ்சிருக்கேன்,” என்றார் அண்ணன். “இப்பதான் பட்ஜெட்ல ஏறியிருக்கு, நாம எதிர்த்துப் போட்டா எடுத்துடுவாங்க. ரயில் வந்துட்டா பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மணி நேரம். எதுக்கு இப்ப இந்த வீம்பு?”

“வலி எடுத்தவ டைம்டேபிள் பாத்துட்டு வலி எடுப்பாளாண்ணே? வயித்துல இருக்கிறதுக்குக் கொறடா உத்தரவு போடுவியா, ரெண்டு மணி நேரம் உள்ளயே இருன்னு?”

ஒருங்கிணைப்பாளர் சிரித்துவிட்டார். பிறகு இருமலாக மாற்றிக்கொண்டார்.

“சிரிக்காதீங்க. அண்ணே, உன் பெரியவ பொறந்தப்ப கழுத்துல கொடி சுத்திக்கிட்டு நீலமா வந்தா. நான்தான் கையில வாங்கினேன். கொடிய வெட்டி அழ வைக்க எனக்குக் கெடச்சது ரெண்டு நிமிஷம். ரெண்டு மணி நேரம் இல்ல. ரெண்டு நிமிஷம்!”

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே வாகன நிறுத்தம்தான், பார்க்க ஒன்றுமில்லை.

5

[ஒருங்கிணைப்பாளரை வில்லனாக்க மூன்று தடவை முயன்றேன். வரவில்லை. என் கணவர் படுத்த படுக்கையாக இருந்தபோது எனக்கு ஆறு வாரம் விடுப்புக் கொடுத்தவர். இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருக்கும் அவையில் நடுவில் யாராவது நிற்காவிட்டால் கூரை இடிந்துவிடும் என்று மனதார நம்பியவர். நம்பட்டும். ஆனால் நடுவில் நிற்பவரின் காலுக்குக் கீழே எப்போதும் யாரோ படுத்திருக்கிறார்கள், அது யார் என்று அவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. எழுதிவிட்டேன்.]

6

ஒருங்கிணைப்பாளர் அலமாரியைத் திறந்து நர்ஸம்மாவின் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“நர்ஸம்மா, எனக்கும் இது புடிக்கல. ஆனா நீங்க மாத்திப் போட்டா இதுக்குத் தேதி போட வேண்டியதாயிடும்.”

“தாராளமா போடுங்க. போட்டா நாம எத்தன பேரு?”

“பதினா…” என்று தொடங்கியவர் நிறுத்தினார். விரல் விட்டு எண்ணினார். ஒரு நாட்டின் நிதிக் குழுத் தலைவர் விரல் விட்டு எண்ணியதை நான் கண்ணால் பார்த்தேன்.

“பதினாலு,” என்றார் நர்ஸம்மா. “அறை போச்சு, குழு போச்சு, உங்க தலைவர் பதவியும் போச்சு. என்னை மெரட்ட எடுத்துட்டு வந்த காகிதம் யாரை மெரட்டுதுன்னு பாத்தீங்களா?”

அந்த நிமிடத்தில் நான் எழுந்து கைதட்டியிருப்பேன். சம்பளக்காரி என்பதால் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நாற்பது வருட அரசியல் சும்மா இல்லை. அவர் என் பக்கம் திரும்பினார். “டைப்பிஸ்ட்மா, அடுத்த திங்கக்கெழமைத் தேதி அடிங்க. அதுக்குள்ள ஒரு சுயேச்சைய இழுத்துட்டு வந்துடறேன். நர்ஸம்மா, இப்ப சொல்லுங்க. திங்கக்கெழம நீங்க மட்டும்தான் வெளிய.”

முதல் வரைவில் இந்த இடத்தில் நான் நிமிர்ந்து நின்று “மாட்டேன்” என்கிறேன். பொய். உண்மையில் “ரிப்பன் தீந்துடுச்சு சார்” என்றேன். “டிராயர்ல புதுசு இருக்கே” என்றார். ஆமாம், இருந்தது. நான்தான் வாங்கி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் சொன்னேன். “மாட்டேன் சார். கோடு போட்டதே தப்பு. அதுல எதையும் நெரப்ப மாட்டேன்.”

நர்ஸம்மா என்னைப் பார்த்து, “அக்கா, உங்க வேல?” என்றார்.

“போகட்டும்,” என்றேன். போயிற்று. அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

வாக்கெடுப்பு மணி அடித்தது. மூவரும் கீழே இறங்கினார்கள்.

7

சுவரில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டி வழியாக அவை கேட்கும். இருக்கை எண்ணைக் கூப்பிடுவார்கள், உறுப்பினர் வாயால் சொல்ல வேண்டும்.

“நூற்று நாற்பத்தொன்று.”

“எதிர்க்கிறேன்,” என்றார் நர்ஸம்மா.

“நூற்று நாற்பத்திரண்டு.”

அது அண்ணன்.

இந்தக் கதையைப் படித்தவர்கள் எல்லோரும் இங்கேதான் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். முடிவு அ: அண்ணனும் எதிர்க்கிறார், வார்டு பிழைக்கிறது, ரயில் போகிறது, அண்ணனும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வாசகர்களுக்குப் பிடிக்கும். முடிவு ஆ: அண்ணன் ஏற்கிறார், வார்டுக்குப் பூட்டு, முதல் ரயிலுக்குப் பூமாலை. விமர்சகர்களுக்குப் பிடிக்கும்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் பெட்டிக்கு அடியில்தான் நின்றிருந்தேன். ஆனால் இன்னொருவர் கையெழுத்துப் போட்ட தாளில் காலியாக இருந்த கோட்டை நிரப்பச் சொன்னார்கள், மறுத்து வேலையை விட்டேன். அண்ணனின் கோட்டை மட்டும் உங்கள் வசதிக்காக நிரப்பித் தருவேனா?

ரொம்ப ஆசையாக இருந்தால் நீங்களே போய் நூற்று நாற்பத்திரண்டில் உட்காருங்கள். மைக்கில் சிவப்பு விளக்கு எரிகிறது. சட்டைப்பையில் ஒன்பது வருடம் அலைந்து வாங்கிய ரயில் இருக்கிறது. வீட்டில், நீலமாகப் பிறந்த மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் தங்கை. உங்களைப் பார்க்கவில்லை, கெஞ்சவும் இல்லை. உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒன்றுவரை எண்ணியாகிவிட்டது.

“நூற்று நாற்பத்திரண்டு,” என்று மறுபடி கூப்பிடுகிறார்கள். “சத்தமாச் சொல்லுங்க. பதிவாகணும்.”