ஆட்ட நாள் மதியத் தூக்கம்

"பத்து நாளு, மார்லீனம்மா. பத்து நாளா ஒரு போன் வந்ததைச் சொல்லாம வச்சிருந்திருக்கீங்க" என்று கோல்பி கத்த, "நீ தூங்கிட்டிருந்தேடா, ஆட்ட நாள்ல தூங்குறவன எழுப்பக் கூடாதுன்னு உங்க கோச்தானே சட்டம் போட்டாரு" என்று மார்லீன் அதைவிடச் சத்தமாகக் கத்த, "சரி, அன்னிக்குத் தூங்கினேன், மறுநாள் முழிச்சேனா இல்லையா?" என்று அவன் திருப்பிக் கேட்டான். நல்ல வேளை, மணி ஒன்று. மிச்சமிருந்த கோழியையும் நூடுல்ஸையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, "எந்திரிச்சு வந்து பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கீழ்த்தளத்து அறைக்குப் படியிறங்கிவிட்டான். நடுச்சண்டையில் ஒருவன் தூங்கப் போவதும், சண்டை போட்டவளே அவனுக்காகத் துணி துவைக்கும் இயந்திரத்தை நிறுத்துவதும் வெளியூரிலிருந்து வந்து ஆடும் ஜூனியர் ஐஸ் ஹாக்கிப் பையன்களைத் தங்கவைத்துச் சோறு போடும் வீடுகளில்தான் நடக்கும். ஒன்றிலிருந்து மூன்றுவரை அங்கே குழாய்கூடச் சொட்டக் கூடாது. நாயின் கழுத்துப்பட்டையைக் கழற்றி வைத்தாள், மேசைமுன் உட்கார்ந்தாள்... மறுநாள் முழிச்சேனா இல்லையாவாம், என்ன வாய் இவனுக்கு, வந்தபோது பதினேழு வயது, முட்டை வேண்டுமா என்று கேட்டால்கூடத் தரையைப் பார்த்துத் தலையாட்டிய பையன்.

அந்த போன் இதே சுவரில்தான் அடித்தது, முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் பாய்ந்து எடுத்தாள், எல்லைக்குத் தெற்கே லூசியானாவிலிருந்து யாரோ ஒரு பயிற்சியாளர், இழுத்து இழுத்துப் பேசினார், உங்க பையன் சீசன் முடிஞ்ச மறுநாளே இங்க வரட்டும், சம்பளத்துக்கு ஆடலாம் என்றார். உங்க பையன். அந்த ஒரு வார்த்தைக்காகவாவது அவர்மேல் பிரியம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அங்க யாரு சமைச்சுப் போடுவா என்று கேட்டாள், அந்த ஆள் சிரித்தார். எண்ணை எழுதினாள், எழுதிய தாளைத் தைக்கும் பெட்டிக்குள் வைத்தாள். மறந்துபோனேன் என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறாளே, ஊசி நூலுக்கு நடுவில் யார் மறந்துபோய் ஒன்றை வைப்பார்கள்? படிப்புக்காகத்தான், வேறெதற்கு... ஜூனியரில் ஆடிய ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வருடக் கல்லூரிப் படிப்புச் செலவை லீக் கொடுக்கிறது, இருபது முடிந்தால் ஜூனியரில் இடமில்லை, இவனுக்கு இது கடைசி சீசன், அதன்பிறகு சம்பளத்துக்குப் போய் ஒரு முழு சீசன் ஆடிவிட்டால் அந்தப் படிப்பும் போச்சு. இதைச் சொன்னால், "அங்க அடிச்சா சம்பளம், இங்க அடிச்சா கைதட்டல், எது மேலு?" என்கிறான். இங்கே ஊரே உன்னைத் தெரிந்து வைத்திருக்கிறதே, ரொட்டிக் கடையில் கியூவைத் தாண்டிக் கூப்பிட்டுத் தருகிறார்களே, அங்கே செவ்வாய்க்கிழமை சரியாக ஆடாவிட்டால் புதன்கிழமை பையை எடுத்துக்கொண்டு கிளம்பு என்பார்கள் என்றாள். "இங்க மட்டும் என்னவாம், பதினேழு வயசுல கணக்குப் பரீட்சைக்கு நடுவுல எழுப்பி, உன்னை வேற டீமுக்கு மாத்தியாச்சுன்னு பஸ் ஏத்தி விட்டாங்க, அப்படித்தானே உங்க வீட்டுக்கு வந்தேன்?" அந்த அநியாயத்தால்தானே இவன் கிடைத்தான்...

அவளுக்குத் தெரியாதா அந்தச் சம்பள லீக், கண்ணால் பார்த்தவள். கணவர் வால்டர் உயிரோடு இருந்தபோது, முன்பு இதே அறையில் தங்கியிருந்த ட்ரென்ட் ஆடுவதைப் பார்க்க லூசியானாவரை போனார்கள், முந்தின வாரம் மாட்டுச் சந்தை நடந்த கொட்டகையில் பனித்தரை போட்டிருந்தார்கள், கொசு பறந்தது, பனிக்கட்டிக்குமேல் கொசு, வால்டர் அதை ஊர் முழுக்கச் சொல்லித் தீர்த்தார். கோல் விழுந்தால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பதில்லை, அடிதடிக்கு யாராவது கையுறையைக் கழற்றினால் மட்டும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒரே வீட்டில் நான்கு தடியன்கள், ராத்திரிச் சாப்பாடு பாலில் போட்ட சோளப்பொரி, பக்கத்துக் கட்டிலில் முன்பல் இல்லாத முப்பது வயதுக்காரன் தன் மகளின் படத்தை ஒட்டி வைத்திருந்தான். இதையெல்லாம் கோல்பியிடம் சொல்லியாயிற்று. ட்ரென்ட் அங்கே சிரித்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த முப்பது வயதுக்காரனோடு படிக்கட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், இந்த வீட்டில் இருந்த மூன்று வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பு அவள் கேட்டதில்லை... இங்கே அவர்கள் எல்லோரும் நல்ல பிள்ளைகள், தட்டைக் கழுவி வைத்தார்கள், நன்றி சொன்னார்கள், சொல்லிவிட்டுப் போனார்கள்.

வால்டரின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் கோல்பியும் ஒருவன், அணியின் ஜாக்கெட்டோடு, மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் கையுறை இல்லாமல். அதன்பிறகு இந்த வீட்டில் கதவு திறக்கிற சத்தம் என்றால் அவன்தான். சாஸ்கட்டூன் பல்கலைக்கழகம் என்றால் ஒன்றரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்துபோகலாம், அழுக்குத் துணியைக் கொண்டுவரலாம்... பஸ் நேரம்கூட விசாரித்து வைத்திருக்கிறாள். பஸ் நேரம் விசாரித்தாயே மார்லீன், அவன் அங்கே போய் என்ன படிப்பான்? கேட்டதுண்டா? எத்தனை முட்டை என்று தெரியும், எந்தக் காலில் முதலில் உறை மாட்டுவான் என்று தெரியும், தூக்கத்தில் எந்தப் பக்கம் புரள்வான் என்பது மேலே இருந்தே காதுக்குத் தெரியும். இது தெரியாது. காலையிலிருந்து படிப்பு படிப்பு என்று தொண்டை கிழியக் கத்தியவளுக்கு அது தெரியாது.

மூன்று மணிக்குப் படியேறி வந்தான், கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, ஒரு கன்னத்தில் தலையணைக் கோடு. சண்டையைத் தொடருவான் என்று பார்த்தாள், அவன் நாய்க்குக் கழுத்துப்பட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். "படிக்கிறதா இருந்தா என்னடா படிப்பே?" என்றாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "தெரியல, மார்லீனம்மா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றான். தைக்கும் பெட்டியிலிருந்த தாளை எடுத்துக் கொடுத்தாள். "அவங்க நேத்தே கிளப்புக்குப் போன் பண்ணிட்டாங்க, நம்பர் இருக்கு" என்றான். ஆனாலும் தாளை வாங்கிக்கொண்டான்.

மார்ச்சில் சீசன் முடிந்த மூன்றாம் நாள் கோல்பி தெற்கே போனான். இரண்டு சீசன் ஆடினான் என்றும், அரங்கில் டிக்கெட் கிழித்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டான் என்றும் கேள்வி. போட்டோ வந்தது, எதிர்வீட்டில்கூடக் காட்டினாள். மார்லீன் அதற்குப்பிறகு பையன்கள் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வசந்தத்தில் வீட்டை விற்றுவிட்டு சாஸ்கட்டூனுக்குக் குடிபோனாள், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நாலு தெரு தள்ளி. அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று எங்கள் தெருவில் கேட்காதவர் இல்லை. பஸ் வசதி என்றாள்.