மரியஜான் ஐஸ் மாற்றிய பெட்டி

1

இந்தக் கதை ஒரு கல்யாண வீட்டில் கிடைத்தது என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். நான் எழுதுவது அந்த மாதிரிக் கதைகள்தான். உண்மையில் இது எனக்குப் பாதி மட்டுமே புரிந்த ஒரு சொற்பொழிவில் கிடைத்தது. நாகர்கோவில் கல்லூரி விழா ஒன்றில் எனக்கு முன்னால் பேசிய பெண், கண்ணிலும் ஈரலிலும் இருப்பது ஒரே மரபணுக்கள்தான், எது திறந்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு என்றாள். [குடும்பங்களும் அப்படித்தான் என்று குறித்துக்கொண்டேன். பிறகு அடித்துவிட்டேன்.]

2

'சிந்தியாவின் விழிகள் குளச்சல் கடலைப் போல' – வேண்டாம். ரயிலில் தூங்காமல் வந்த ஆய்வு மாணவியின் விழிகள் அவை.

மறுபடியும். டி.என்.ஏ. ஒரு நீளக் கயிறு. ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றிக் கிடக்கும். சுற்றிய உருண்டைக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். இறுகச் சுற்றிய இடத்து மரபணுவைச் செல்லால் வாசிக்க முடியாது. சில புரதங்கள் மட்டும் உருண்டையையே பற்றிக் கயிற்றை நெகிழ்த்தி வழி திறக்கும். அப்படியொரு புரதத்தைச் சிந்தியா பெங்களூரில் எட்டு மாதம் பாடுபட்டுப் பிரித்தெடுத்தாள். ஊருக்கு வந்த மறுநாள் காலை திருவனந்தபுரத்தில் அதற்குச் சோதனை. ஜூனில் ஆய்வுக்காலம் முடிகிறது.

(இங்கே ஷாஜன் என்ற மாப்பிள்ளையை நுழைத்திருந்தேன். இரண்டு பக்கம் காபி மட்டும் குடித்தான். அனுப்பிவிட்டேன்.)

3

கோட்டாறு நிலையத்தில் இறங்கி, தெர்மாகோல் பெட்டியோடு வீட்டுக்கு வந்து படுத்தாள் சிந்தியா. பெட்டி நிறைய டிரை ஐஸ் எனும் உலர்பனி, நடுவே புரதம் உறைந்த சிறு குழாய்கள். அவள் அப்பா மரியஜான் முப்பது வருஷமாக மீன் வியாபாரம் செய்பவர். அவர் கண்ணுக்கு அது மீன் பெட்டி. மூடியைத் திறந்தால் புகைகிறது. சொட்டுத் தண்ணீர் இல்லை. அதையெல்லாம் முற்றத்தில் கொட்டினார். கோழிகள் புகைக்குள் நின்று ஒன்றையொன்று தேடின. பிறகு நெய்மீனுக்கு வைப்பதுபோல ஓர் அடுக்கு உடைத்த ஐஸ், ஒரு கை கல்லுப்பு என்று குழாய்களைப் பத்திரமாக அடுக்கி மூடினார்.

"கெட்டுப்போன ஐஸு மக்கா. எந்தக் களவாணி ஒனக்குத் தந்தான்?" என்றார், அவள் எழுந்து வந்ததும்.

சிந்தியா அழவில்லை. ஒரு குழாயை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே நீர் ஆடியது. மைனஸ் எண்பது டிகிரிக் குளிர் போய்விட்டது. புரதம் உருமாறாமல் இருக்கலாம். கட்டிதட்டிச் செத்தும் போயிருக்கலாம்.

4

இதற்குமேல் எழுத வரவில்லை என்று உட்கார்ந்திருந்தபோது மரியஜான் என் மேசைக்கு வந்துவிட்டார். வெறுங்கையோடு அல்ல, ஒரு கிலோ விளமீனோடு.

"நீங்க எழுதினதுதானம்மா எல்லாம்? சாவல்லன்னு ஒரு வரி போட்டா என்ன கொறஞ்சு போவும்?"

நியாயமாகத்தான் பட்டது. எத்தனை மாமியார்களை ஒரே வரியில் திருத்தியிருக்கிறேன்! 'புரதம் பிழைத்தது' என்று எழுதத் தொடங்கினேன். சிந்தியா பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பாக்காம எழுதினா அதுக்குப் பேரு கதை இல்ல. போலி முடிவு. என்னைய ஆய்வை விட்டே தொரத்திருவாங்க."

'செத்தது' என்று எழுதவா என்றேன்.

"அதும் போலிதான்."

5

திருவனந்தபுரம். புரதத்தை நியூக்ளியோசோமோடு கலந்து, ஜெல் என்ற மெல்லிய பாளத்தில் மின்சாரம் விட்டு ஓட்டியாயிற்று. புரதம் பற்றியிருந்தால் நியூக்ளியோசோம் அந்தச் சுமையோடு மெதுவாக நகர்ந்து, அதன் கோடு, அதாவது பட்டை, ஜெல்லில் மேலே நிற்கும். பற்றாவிட்டால் கீழே ஓடியிருக்கும். மரியஜான் வெளியே பெஞ்சில், கொண்டுவந்த செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி இருக்கிறார். சிந்தியா ஜெல்லை விளக்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். விளக்கைப் போட்டால்தான் பட்டை தெரியும். விரல் பொத்தானில்.

நான் இங்கே நிறுத்துகிறேன். கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.

........................................

தயவுசெய்து நீங்களும் அதை நிரப்பாதீர்கள். அவள் பார்த்துச் சொல்லட்டும். என்னால் ஆனது ஒன்றே ஒன்றுதான்: அவளைக் கேட்காமல் மேலே போய், அவள் ஆய்வுக்காலம் முடியும் ஜூன் என்ற சொல்லை அடித்து, இன்னொரு எட்டு மாதம் கிடைக்கட்டும் என்று அடுத்த பிப்ரவரி என்று எழுதிவிட்டேன்.