தவசி அண்ணன் கரும்புக்குள் போகலாமா?

1.

இந்தக் கதை பௌதிக வகுப்பில் பிறந்தது. தோட்டாவின் நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அதன் ஆற்றல் என்றார் வாத்தியார். பக்கத்தில் இருந்த சௌராஷ்டிரப் பையன் பத்ரிநாத் கணக்குப் போட்டு, "மாப்ள, இது பட்டா காட்டுப்பன்னி பத்தடி பறக்கும்டா" என்றான். அவன் வீட்டில் முட்டைகூட உடைப்பதில்லை.*

* சௌராஷ்டிரர் எல்லோரும் அப்படியல்ல. இவன் வீடு அப்படி. கடிதம் போட வேண்டாம்.

2.

முதல் தொடக்கம்: 'நாகமலைக்குப் பின்னால் சூரியன் மெல்ல...' (அடித்துவிட்டேன். எல்லாக் கதையிலும் அதற்கு இதே வேலை.)

இரண்டாவது: 1981. திருமங்கலம் பக்கம் ஒரு கரும்புத் தோட்டம். தவசி, பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கியால் காலையில் ஒரு பன்றியைச் சுட்டார். பட்டது. பறக்கவில்லை. ரத்தம் சொட்ட நடந்து கரும்புக்குள் போய்விட்டது.

கரும்பு வெட்டும் ஆட்கள் அரிவாளோடு வாய்க்கால் மேட்டில் காத்திருக்கிறார்கள். பன்றிக்கு உயிர் இருந்தால் தொடையைக் கிழித்துவிடும். சுட்டவர் முதலில் உள்ளே போய்ப் பார்ப்பது அங்கே முறை.

3.

பத்ரியைக் கதைக்குள் இழுத்து வரப்பில் நிறுத்தினேன்.

"கணக்குப்படி செத்திருக்கணும்ணே."

"அப்ப நீங்க முன்னால போங்க தம்பி, அவுக பின்னால வரட்டும்" என்றார் தவசியின் மனைவி செல்லக்கிளி.

"அவ கெடக்கா" என்றார் தவசி. "தோட்டா எம்புட்டு வேகத்துல போச்சுன்னு சொல்றீக. பன்னிக்குள்ள எங்க போயி நின்னுச்சு?"

"அது கணக்குல வராதுண்ணே."

"எனக்கும் தெரியலையே தம்பி."

4.

எழுதுகிற எனக்குமே தெரியவில்லை. ஒரு பிரதியில் நெஞ்சில் பட வைத்தேன்; பன்றி நாலு எட்டில் சாய்ந்தது. அடுத்ததில் ஒரு சாண் பின்னால், குடலில். சாயங்காலம் வரை மூச்சு இருந்தது. இன்னொன்றில் தோட்டா தோள் எலும்பில் சப்பையாகி அங்கேயே நின்றது. வேறொன்றில் சதையை மட்டும் துளைத்து வெளியேறி, மிச்ச ஆற்றலையெல்லாம் வரப்பு மண்ணுக்குக் கொடுத்தது. எல்லாவற்றிலும் அதே துப்பாக்கி, அதே தூரம். பத்ரி ஆற்றல் கணக்கைச் சரிபார்த்து, "விடை சரி" என்றான். பிறகு அவனே, "அப்புறம் ஏன்டா ஒவ்வொரு பன்னியும் ஒவ்வொரு மாதிரி?" என்றான்.

(என்ன கிழிந்தது என்பதுதான் பன்றிக்குக் கணக்கு என்று ஒரு வரி... தத்துவம் மாதிரி இருக்கிறது. நீக்கவா?)

5.

தவசி துப்பாக்கியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். "எழுதுற தம்பி, எங்க பட்டுச்சுன்னு சொல்லிட்டா நான்பாட்டுக்குப் போயிருவேன்."

நெஞ்சில்தாண்ணே என்று சொல்லலாம். நம்பிப் போவார். அதனால்தான் சொல்ல முடியவில்லை.

செல்லக்கிளி இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறார். "படிச்சுக்கிட்டுத்தான இருந்தீக? அவுக போகலாமா, வேணாமா?"

சீக்கிரம் சொல்லுங்கள். ஒரு கரும்புத் தோகை அசைகிறது. இந்தக் கதையில் நான் இதுவரை காற்றே எழுதவில்லை.