கால்மாட்டில் வைத்த குச்சிகள்

தங்கையன் ஐஸ் பெட்டியின் மூடியை ஒரு கையால் தூக்கி, மறுகையிலிருந்த தம்ளரைப் பிணத்தின் கால்மாட்டில் வைத்தான். தம்ளருக்குள் மஞ்சளும் நீலமுமாக மெல்லிய குச்சிகள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வேம்பு அதைப் பார்த்துவிட்டாள்.

“என்னண்ணே அது?”

“மாப்ளயோட மாட்டு ஊசிக் குச்சிதான். கேனத் தொறந்து பாத்தேன், புகையே சரியா வரல. கெட்டுப் போயிடும்ல? இதுல குளுகுளுன்னு கெடக்கட்டும்.”

நல்ல மனசோடுதான் செய்தான். அதுதான் கொடுமை.

செத்துக் கிடந்த அவள் புருஷன் கோவிந்தராசு, பூதலூர் சுற்றுவட்டாரத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டவன். நேற்றுக் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மகன் சிங்கப்பூரிலிருந்து வந்து சேரும்வரை பெட்டியில் வைத்திருந்தார்கள்.

உறைந்த காளை விந்து அடைத்த அந்தக் குச்சிகளை, நைட்ரஜன் ஊற்றிய கேனில் அவன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டான். ஒருநாள் வேம்பு, கடை ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்தால் ஆகாதா என்று கேட்டதற்கு அப்படிச் சிரித்தான்.

“அடியேய், நமக்குத்தான் அது குளிரு. இதுக்கு அது அடுப்பு. ஒருதடவ இளகிச்சுன்னா உள்ள இருக்கற உசுரு தாங்காது. திரும்ப உறைய வச்சாலும் வராது.”

ஊசி போடும்போது மட்டும் உடம்புச் சூட்டுக்கு வெந்நீர் கலந்து, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக் குச்சியை அதில் முக்குவான். எடுத்தவுடன் போட்டுவிட வேண்டும். சித்திரை வெயிலில் மாட்டையும் நிழலில் கட்டித் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தொடுவான். இப்போது அவன் காலடியில் அத்தனையும் இளகிக் கிடந்தன. அண்ணன் கையில் பிடித்துக்கொண்டு வாசலைக் கடந்தபோதே பாதி உயிர் போயிருக்கும்.

பகல் ஏறியதும் துரைராசு வந்தான். கோவிந்தராசுவோடு தொழில் பார்த்தவன். மாலையோடு ஒரு சின்னக் கேனில் நைட்ரஜனும் கொண்டுவந்திருந்தான். அவனுக்குப் பின்னால் அப்துல் அஜீஸ், தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூச்சத்தோடு நின்றார்.

அஜீஸுக்கும் இந்த வீட்டுக்கும் உள்ள உறவு ஊருக்கே தெரியும். ஆட்சி மாறி மாறி வந்தும் குத்தகை நிலங்களெல்லாம் பண்ணையார் நாகநாதன் பேரிலேயே இருந்தன. அஜீஸ் உழுத நிலத்தை அவர் பிடுங்கப் பார்த்தபோது வழக்கு வந்தது. பாய் அங்கே உழவே இல்லை என்று கோவிந்தராசுவைச் சொல்லச் சொன்னார்கள். அவன் கூண்டில் ஏறி உள்ளதைச் சொன்னான். அஜீஸுக்கு நிலம் நின்றது. இவன் குத்தகை போயிற்று. தங்கையன்தான் தன் மனைக்கட்டில் ஒரு மூலையைக் கொடுத்துக் குடிசை போடச் சொன்னான். அன்றிலிருந்து கோவிந்தராசுவுக்குச் சொத்து என்று இருந்தது அவன் பேர் ஒன்றுதான்.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாது, தங்கச்சி,” என்றார் அஜீஸ். “மாடு விடியக்காலைலேருந்து சினைக்குக் கத்துது. ரெண்டு தடவ வேற ஆளு போட்டும் சினை நிக்கல. அடுத்த தடவ கத்துனா ஓடி வாங்க பாய், நல்ல குச்சி எடுத்து வச்சிருக்கேன்னு கோவிந்தராசுதான் சொன்னாரு.”

துரைராசு அதற்குள் கோவிந்தராசுவின் கேனைத் திறந்து அளவுகோலை விட்டுப் பார்த்திருந்தான். “அண்ணி, உள்ள நைட்ரஜன் இருக்கே. சாயங்காலம் வரைக்கும் தாங்கும். குச்சிங்க எங்க?”

தங்கையன் முகம் வெளுத்தது. “அது வந்து… நான்தான்…”

வேம்புவுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. இத்தனை பேர் முன்னால் அண்ணன் தலைகுனிவான். ரோஷக்காரன். நாளைக்கு அவள் படுத்து எழப்போவது அவன் மனைக்கட்டில். அவள், புருஷனின் வேட்டி நுனியைச் சரிசெய்கிறவளைப் போல மூடியைத் தூக்கி, தம்ளரை மறைத்துத் துணியை இழுத்து விட்டாள்.

“அதெல்லாம் முன்னயே வீணாப் போச்சு, துரைராசு. நைட்ரஜன் தீர விட்டுட்டாரு. அப்புறமா ஊத்தி வச்சு ஒப்பேத்திக்கிட்டிருந்தாரு. நேத்து அள்ளிக் கொட்டிட்டேன்.”

“கோவிந்தராசு அண்ணனா?”

“எத்தனையோ சொன்னேன். காதுல போட்டுக்கல.”

சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அஜீஸ் பெட்டியையே பார்த்தார்.

“அப்ப எனக்கும் அதத்தான் போட இருந்தாரா?”

வேம்பு பெட்டி மூடியை அழுத்தி மூடினாள்.

“சரி விடு, தங்கச்சி. மனுசன்தானே,” என்றார். துரைராசுவிடமும் குச்சி இல்லாததால், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, வேறு ஊசிக்காரரைத் தேடப் போனார். சுடுகாடு வரை வருகிறேன் என்று நேற்றுச் சொன்னவர், அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தங்கையன் தங்கையைப் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய் டீ ஊற்றிக் கொடுக்கத் தொடங்கினான். சற்று நேரத்தில் அவன் குரல் பழையபடி ஓங்கிக் கேட்டது.

“மாப்ள நல்லவருதான். தொழில்லதான் கொஞ்சம் அசால்ட்டு. வேம்புவே எத்தனை தடவ சொல்லியிருக்கா!”

யாரோ ஆமாம் போட்டார்கள். என் மாட்டுக்கும் ஒருதடவை இப்படித்தான் சினை நிற்கவில்லை என்றது இன்னொரு குரல்.

பெட்டிக் கண்ணாடியில் ஈரம் படர்ந்திருந்தது. வேம்பு முந்தானையால் துடைத்தாள். அவன் முகம் தெளிவாகத் தெரிந்தது. திரும்பவும் ஈரம் படர்ந்தபோது அவள் துடைக்கவில்லை.