இரும்பு வடம்

கண்ணுங்களா, அரிசோனா பாலைமலையில் குளிர்காலத்தில் எங்கள் நடைக்குழு ஏறும்போது கடைசி ஆளாக வருவது என் வேலை. ஒருவரையும் பின்னால் விட்டுவிடக் கூடாது. செங்குத்துப் பாறையில் இரும்பு வடத்தைப் பிடித்து ஏறுவோம். ஒருவர் கையை எடுத்த பிறகுதான் அடுத்தவர் வடத்தைத் தொடலாம்.

அன்று மற்ற எட்டுப் பேரும் ஏறி முடித்ததைப் பார்த்த பிறகே நான் ஏறினேன். உச்சியில் வடத்தை விட்டேன். அது விறைப்பாகவே நின்று, யாரோ தொங்குவதுபோல் அதிர்ந்தது.

"டுவைட், கீழ யாரோ வர்றாங்க," என்றேன்.

"எல்லாரும் இங்கதான் இருக்கோம் வெர்னா. உனக்குப் பசி, அவ்ளோதான். லூயன் உன் சாண்ட்விச்ச முழுங்குறதுக்குள்ள வா."

"காத்துல ஆடுதுடி," என்றாள் லூயன், வாய் நிறைய ரொட்டியோடு.

காற்றே இல்லை. எட்டிப் பார்த்தேன். வெறும் பாறையும் கள்ளியும்தான். ஆனால் வடத்தைத் தாங்கும் கம்பங்கள் கீழிருந்து ஒவ்வொன்றாக நடுங்கிக்கொண்டே வந்தன. என் காலடியில் இருந்த கம்பமும் நடுங்கியது. வடம் சட்டென்று தொய்ந்தது. பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள்; திரும்பினால் ஆளே இல்லை.

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் ஏறி வந்தவரைப் பின்னால் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

"நீங்க முன்னால போங்க," என்று ஒதுங்கி வழிவிட்டேன்.

சரளைக்கல் மெல்ல நொறுங்கியது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் நான் நடந்தேன்.